எந்த ஊருக்குப் போவது?

தெளிந்து தேர்ந்து முடிவெடுத்தல் பற்றி ஒரு குடும்பப் பாடம்



சில காலத்துக்கு முன் ஒரு மாலை வேளையில், நம் மறைமாவட்டப் பங்கு ஒன்றைச் சேர்ந்த தாதி ஒருத்தி தன் தாயாரோடு என்னைக் காண வந்தாள். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று சவூதி அரேபியாவின் தலைநகராகிய றியாத்திலுள்ள வைத்தியசாலை ஒன்றிலிருந்து வந்தது. மற்றது இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகர வைத்தியசாலை ஒன்றிலிருந்து வந்தது. இரண்டு இடத்திலும் வேலை உண்டு. இரண்டுக்கும் பதினான்கு நாட்களுக்குள் பதில் எழுதவேண்டும். இரண்டு நகரங்களில் ஒன்றையேனும் அவள் கண்டதில்லை.

"சுவாமி, நீங்கள் சொல்லுற இடத்துக்குப் போறன்" என்றாள் அவள்.

அவளுடைய அனுமதியோடும், ஆளை அடையாளம் காட்டாதபடி சில விபரங்களை மாற்றியும் இதனை எழுதுகிறேன். ஏனெனில் இக்கேள்வி இன்று அவளுடையது மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின், வெளிநாட்டுக் கடிதம் வராத வீதி நம் ஊர்களில் அரிதாகிவிட்டது. போவதா நிற்பதா, போனால் எங்கே போவது என்று எத்தனையோ வீடுகளில் இரவிரவாகப் பேச்சு நடக்கிறது. அப்பேச்சில் சம்பளம் வருகிறது, விசா வருகிறது, உறவினர் வருகின்றனர். கடவுள் எப்பொழுது வருகிறார்? பெரும்பாலும், எல்லாம் முடிந்தபின் பிரயாணம் நலமாக அமைய ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலியில்தான். அதற்கு முன்னரே அவரை அழைப்பது எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

சீட்டும் கோவேறு கழுதையும்

வருவதற்கு முன் அந்தத் தாயார் ஒரு காரியம் செய்திருந்தார். இரண்டு சீட்டுகளில் இரண்டு ஊர்ப் பெயர்களையும் எழுதி, வீட்டிலுள்ள புனித அந்தோனியார் சுரூபத்தின் முன் வைத்து, மூன்று முறை செபமாலை சொல்லி, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தார். வந்தது லீட்ஸ்.

இதனைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. கடவுளிடம் கேட்கவேண்டும் என்ற விசுவாசம் அதில் இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாஸைத் தெரிந்தபோது அப்போஸ்தலர்களும் சீட்டுப் போட்டார்கள் (அப். பணி 1). ஆனால் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். தகுதியுடையவர் யாவர் என்று முதலில் ஆராய்ந்து, இருவரை நிறுத்திய பின்னரே அவர்கள் சீட்டுப் போட்டார்கள். மேலும், பெந்தெகொஸ்தே நாளில் தூய ஆவியானவர் இறங்கி வந்தபின் அவர்கள் சீட்டுப் போட்டதாக அந்நூலில் எங்கும் இல்லை. அதன்பின் அவர்கள் கூடிச் செபித்தார்கள், பேசினார்கள், ஆராய்ந்தார்கள், முடிவெடுத்தார்கள்.

சேசு சபையின் தந்தையான புனித இஞ்ஞாசியாரும் ஒருமுறை சீட்டுப் போட்டவர்தான். அவருக்குச் சீட்டாக அமைந்தது ஒரு கோவேறு கழுதை! 1522ஆம் ஆண்டு, மனந்திரும்பிய புதிதில், மொன்செராத் திருத்தலத்துக்குப் போகும் வழியில் முகமதியர் ஒருவரைச் சந்தித்தார். தேவதாயின் கன்னிமை பற்றி அம்மனிதர் சொன்னது இஞ்ஞாசியாருக்குப் பிடிக்கவில்லை. அவர் முன்னே போய்விட்டார். பின்தொடர்ந்து போய் அவரைக் கத்தியால் குத்துவதா, விட்டுவிடுவதா என்று இஞ்ஞாசியாருக்குத் தெரியவில்லை. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளரவிட்டு, கழுதை போகும் வழி போகட்டும் என்றிருந்தார். அம்மனிதர் போன ஊருக்குச் செல்லும் பாதை அகன்றதும் இலகுவானதுமாய் இருந்தும், கழுதை நெடுஞ்சாலையிலேயே போயிற்று. ஒரு கொலை தப்பியது.

முதிர்ந்த வயதில் இஞ்ஞாசியாரே தம் அறியாமைக்கு உதாரணமாக இக்கதையைச் சொல்லிவைத்தார். தெளிந்து தேரும் முறையை உலகுக்குக் கற்பித்த மகான், அதைக் கற்பதற்கு முன் கழுதையிடம் யோசனை கேட்டவர் என்பது நமக்கெல்லாம் ஆறுதல். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. கடவுள் மனிதனுக்கு அறிவையும் மனத்தையும் சுதந்திரத்தையும் தந்திருப்பது, அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுச் சீட்டிடம் கேட்பதற்காக அல்ல என்று கண்டார். அவர் கண்ட முறை, 1548ஆம் ஆண்டு பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகரித்த ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலில் இருக்கிறது. அண்மையில் பாப்பரசர் பிரான்சிசும் 2022 ஓகஸ்ட் முதல் 2023 ஜனவரி வரை புதன்கிழமை மறையுரைகளில் இப்பொருளையே தொடர்ந்து விளக்கினார்.

முதலில் கேட்கவேண்டியது

"எந்த ஊருக்கு?" என்பது முதலாவது கேள்வியன்று. "எதற்காக?" என்பதே முதலாவது.

இஞ்ஞாசியார் இங்கே நம் குறையைச் சரியாகத் தொட்டுக் காட்டுகிறார். பலர் வழியை முதலில் பிடித்துக்கொண்டு, பின்னர் முடிவை அதற்கேற்ப வளைக்கின்றனர். இன்ன உத்தியோகம் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அதிலே கடவுளுக்கு ஊழியம் செய்வோம் என்கின்றனர். கடவுளிடம் போவதற்குப் பதில், கடவுளைத் தாம் நிற்கும் இடத்துக்கு வரும்படி அழைக்கின்றனர். வேலையும் ஊரும் சம்பளமும் வழிகளே. நாம் எதற்காகப் படைக்கப்பட்டோமோ அதற்கு எது அதிகமாக உதவுகிறதோ அதையே தெரியவேண்டும்.

அந்த மகளிடம் நான் கேட்டேன்: "நீ ஏன் போகப் பார்க்கிறாய்?"

அவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். தகப்பனாரின் நீண்ட நோய்க்குச் செலவழித்ததில் வீட்டுக் காணியின் உறுதி ஈட்டில் இருக்கிறது. தகப்பனார் இப்போது இல்லை. தம்பி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். தாயாருக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். அரச வைத்தியசாலைச் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக, தவணைக்குள் உறுதியை மீட்க வழியில்லை.

"அப்படியானால் இந்த இரண்டு கடிதங்களையும் விட மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே; இங்கேயே நிற்பது. அதைப் பற்றி யோசித்தாயா?" என்றேன். அவள் யோசித்திருக்கவில்லை. கடிதங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நாம்தான் கேட்கவேண்டும். நம் வைத்தியசாலைகளில் தாதியர் வேண்டும். நம் நோயாளருக்கு நம் மொழி பேசும் தாதியர் வேண்டும். போகிறவரை யாரும் குற்றவாளி ஆக்கவேண்டாம். ஆனால் நிற்பதும் ஒரு அழைப்பாக இருக்கலாம் என்பதை மறக்கவும் வேண்டாம். அவள் இரண்டு நாள் கணக்குப் பார்த்தாள். உறுதியை மீட்கும் தவணை நெருங்கியிருந்தது. நிற்க முடியாது என்று கண்டாள். சரி, அதுவும் ஒரு தெளிவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. தெளிந்து தேர்வதற்கு எடுத்துக்கொள்ளும் காரியங்கள் யாவும் தம்மளவில் நல்லனவாகவோ, குற்றமற்றனவாகவோ இருக்கவேண்டும். இல்லாத அனுபவத்துக்குப் பொய்ச் சான்றிதழ் செய்து தருகிறேன் என்று ஒரு முகவர் சொன்னால், அந்த வழியைப் பற்றிச் செபித்து யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

கண்ணால் மட்டும் பாராதீர்கள்

ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமும் அவர் சகோதரன் மகன் லோத்தும் பிரிகின்றனர். நீ விரும்பும் பக்கம் போ என்று பெரியவர் விட்டுக்கொடுக்கிறார். லோத்து கண்களை உயர்த்திப் பார்த்தான், யோர்தான் சமவெளி நீர்வளமாயிருந்தது, அதையே தெரிந்துகொண்டான். அங்கே வாழும் மனிதர் எப்படிப்பட்டவர் என்று அவன் விசாரித்ததாக வேதத்தில் இல்லை. அவன் கூடாரம் மெல்ல மெல்லச் சோதோமை நோக்கி நகர்ந்தது.

விசாரிப்பது அவிசுவாசமன்று. அதுவும் செபத்தின் ஒரு பகுதியே. இந்த மகள் விசாரித்தவற்றைச் சொல்கிறேன். உங்களில் யாருக்கேனும் உதவும்.

லீட்ஸில் இருக்கும் அரச சுகாதார சேவையில் தாதியரின் சம்பளப் படிநிலை இங்கிலாந்து எங்கும் ஒன்றுதான். லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டும் வாழ்க்கைச் செலவுக்காக மேலதிகப் படி உண்டு. ஆங்கிலப் பரீட்சையிலும் கணினி மூலமான அறிவுப் பரீட்சையிலும் அவள் சித்தியடைந்திருந்தாள். ஆனால் அங்கே போனபின் செயன்முறைப் பரீட்சையிலும் தேறி, தாதியர் சபையில் பதிவு பெறவேண்டும். அதுவரை ஒரு படி குறைந்த சம்பளமே. வருமான வரி உண்டு. வீட்டு வாடகை உண்டு. கணவனையும் பிள்ளைகளையும் அழைக்கத் தாதியருக்கு வழி உண்டு. தாயாரை அழைப்பது மிகவும் கடினம். மார்கழியில் காலை எட்டு மணிக்குப் பின்னர்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்கு முன் மறைந்துவிடும். நகரின் நடுவிலே புனித அன்னம்மாள் பேராலயம் இருக்கிறது. லண்டனில் இருக்கும் சின்னம்மா, "லீட்ஸ் பக்கத்திலதானே, நான் பாத்துக்கொள்ளுவன்" என்றாராம். உண்மையில் இடைத்தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போவது போல.

றியாத்தில் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு. தங்குமிடம் வைத்தியசாலையே தருகிறது. சம்பளத்தில் வருமான வரி இல்லை. ஆண்டு விடுமுறைக்கு விமானச் சீட்டு உண்டு. தகைமைச் சான்றிதழ்களைப் பரிசோதித்து, ஒரு பரீட்சையும் வைத்த பின்னரே அந்நாட்டுப் பதிவு கிடைக்கும். அதை அவள் முடித்திருந்தாள். கோடையில் வெப்பம் 40 பாகைக்கு மேல். நமக்கும் அங்கே உள்ளவர்களுக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணி. ஆனால் அந்நாட்டில் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றும் இல்லை. பகிரங்க வழிபாட்டுக்கு இடமில்லை; அறைக்குள் தனியே செபிக்கலாம். அந்நாடு வட அரேபிய அப்போஸ்தலிக்க மறைமாவட்டப் பொறுப்பில் இருக்கிறது. அதன் பேராலயம் 2021ஆம் ஆண்டு பஹ்ரேனில் நேர்ந்தளிக்கப்பட்டது. கடல் கடக்கும் பாலத்தால் அந்நாட்டுக்குத் தரைவழியே போகலாம். ஆனால் றியாத்திலிருந்து பல மணி நேரப் பிரயாணம்.

இவற்றோடு எந்த நாட்டுக்குப் போகிறவரும் பார்க்கவேண்டியவை சில உண்டு. முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தீர்களா? இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும்? பிரித்தானிய சுகாதார ஆட்சேர்ப்பு ஒழுங்கின்படி வேலை தேடித் தந்ததற்காக முகவர் தாதியரிடம் பணம் வாங்கக்கூடாது. வாங்கக் கேட்டால் அதிலேயே சந்தேகம் கொள்ளுங்கள். அரச சேவையில் இருப்பவர், சம்பளமற்ற விடுமுறை கிடைக்குமா, வேலையைத் துறக்க நேருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

தராசின் முள்

விபரம் கிடைத்துவிட்டது. இனி முடிவெடுக்கலாமா? இன்னும் இல்லை. தராசு சரியாக நிறுக்கவேண்டுமானால், பொருளை வைக்குமுன் அதன் முள் நடுவில் நிற்கவேண்டும். கடைக்காரன் ஒரு தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்திருந்தால் எவ்வளவு கவனமாக நிறுத்தும் என்ன பயன்? நம் மனத்தராசின் அடியிலும் இப்படி ஏதாவது ஒட்டியிருக்கும். கடவுளே, நீர் எதைக் காட்டினாலும் எனக்குச் சம்மதம் என்று உண்மையாகச் சொல்லக்கூடிய நிலை வரும்வரை செபிக்கவேண்டும். இது மனம் மரத்துப்போவதன்று. மனம் விடுதலை பெறுவது.

பின்னர், இஞ்ஞாசியார் சொன்னபடி, ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு வழிக்கும் நன்மைகளையும் தீமைகளையும் எழுதும்படி சொன்னேன். ஏற்றால் வரும் நன்மை, ஏற்றால் வரும் தீமை, ஏற்காவிட்டால் வரும் நன்மை, ஏற்காவிட்டால் வரும் தீமை என்று நான்கு நிரல்கள். எத்தனை வரி என்று எண்ணவேண்டாம். எந்த வரி கனமானது என்று பார்க்கவேண்டும். பத்துச் சிறு வசதிகளை ஒரு கடமை நிறுத்துவிடும்.

கொப்பியோடு வந்தாள். லீட்ஸின் நன்மைகளில் ஒரு வரியைச் சுற்றிக் கோடு போட்டிருந்தாள்: "ஆட்கள் மதிப்பினம்." அதனை எழுதியபோதுதான் தன் தராசின் அடியில் ஒட்டியிருந்தது என்ன என்று கண்டதாகச் சொன்னாள். இங்கிலாந்துக்குப் போன பிள்ளை என்றால் ஊரில் ஒரு பெயர். கலியாணப் பேச்சிலும் ஒரு பெயர். வளைகுடாவுக்குப் போன பிள்ளை என்றால் வேறு பார்வை. இப்படிப்பட்ட ஒரு வரியைத் தானாகவே எழுதி, தானாகவே கோடு போடுவதற்குத் துணிவு வேண்டும். அன்று அவளுக்கு நான் பாடம் சொல்லவில்லை. அவளிடமிருந்து ஒன்று கற்றேன்.

மனத்தின் அசைவுகள்

1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் உடைந்து லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக இரண்டு வகைக் கனவுகள் கண்டார். ஒன்று வீரச்செயல்களும் அரசகுலப் பெண்ணும். மற்றது புனிதர்களைப் போல வாழ்வது. இரண்டும் அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் முதலாவது கனவு முடிந்தபின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது முடிந்தபின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. ஒருநாள் இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது. அங்கிருந்துதான் அவருடைய முறை முழுவதும் பிறந்தது.

ஆகவே அந்த மகளிடம் சொன்னேன்: "நாலு நாள் லீட்ஸுக்குப் போவதாகவே முடிவெடுத்துவிட்டாய் என்று எண்ணிக்கொண்டு வேலைக்குப் போ, சமை, செபி. பிறகு நாலு நாள் றியாத் என்று எண்ணிக்கொண்டு இரு. ஒவ்வொரு இரவும் மனம் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுது."

அவள் எழுதியது இது. லீட்ஸ் என்று எண்ணிய நாட்களில் காலையில் உற்சாகம். நண்பிகளுக்குச் சொல்லும்போது பெருமை. இரவில் தாயாரின் புண்ணுக்கு மருந்து கட்டும்போது ஒரு வெறுமை. றியாத் என்று எண்ணிய நாட்களில் முதலில் பயம். ஒரு இரவு அழுகையும் வந்தது. ஆனால் மூன்றாம் நாள் அதே புண்ணுக்கு மருந்து கட்டும்போது, "இரண்டு வருசம், உறுதி கைக்கு வரும், நான் திரும்பி வருவன்" என்ற எண்ணத்தில் ஒரு அமைதி. வேலையில் நோயாளரோடு பேசுவதும் அன்று இலகுவாயிருந்ததாம்.

கவனியுங்கள்: ஆறுதல் என்பது வெறும் சந்தோஷமன்று. பயம் இருந்தும் அதன் அடியில் அமைதி இருக்கலாம். உற்சாகம் இருந்தும் அதன் அடியில் வெறுமை இருக்கலாம். கடவுளையும் அயலாரையும் நோக்கி நம்மை விரிவாக்குவது நல்ல ஆவியின் அடையாளம். நம்மை நமக்குள்ளேயே சுருட்டுவது மற்றதன் அடையாளம். ஒரு நாளைய உணர்வை நம்பி முடிவெடுக்கவும் கூடாது. பல நாள் பார்த்து, கொப்பியில் உள்ள நியாயங்களோடு அது ஒத்துவருகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆலயமில்லாத நகரம்

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். என்னிடம் விட்டிருந்தால் நான் லீட்ஸ் என்றே சொல்லியிருப்பேன். குருவானவன் ஒருவன் இரண்டு ஆண்டுகள் திருப்பலி இல்லாத இடத்துக்கு ஒரு பிள்ளையைப் போ என்று எப்படிச் சொல்வான்? நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். ஏனெனில் ஆன்மீகப் பயிற்சி கொடுப்பவர் தராசின் முள்ளைப் போல நடுவில் நிற்கவேண்டும், படைத்தவரும் படைப்பும் நேரடியாகப் பேச இடம் விடவேண்டும் என்று இஞ்ஞாசியார் எங்களுக்கும் ஒரு விதி எழுதியிருக்கிறார். ஆனால் என் கவலையை மறைக்கவுமில்லை. "இது சிறிய விலையன்று" என்று சொன்னேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்: "சுவாமி, ஒல்லாந்தர் காலத்தில எங்கட ஆட்கள் எப்பிடி இருந்தவை?"

நான் வாயடைத்துப் போனேன். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் விழுந்தது. குருக்கள் விரட்டப்பட்டனர். 1687இல் புனித யோசேப்பு வாஸ் கூலியாளின் உடையில் வந்து இறங்கும்வரை ஏறக்குறைய 29 ஆண்டுகள் நம் முன்னோர் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர். வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தார்கள். அவர் வந்தபோது விசுவாசம் அணையாமல் இருந்தது. நாம் அந்த வீடுகளின் பிள்ளைகள்.

திருச்சபைச் சட்டமும் இதனை அறியும். குருவானவர் இல்லாததாலோ வேறு பாரமான காரணத்தாலோ ஞாயிறு திருப்பலியில் பங்குபற்ற முடியாதபோது, தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் செபத்தில் செலவிடும்படி 1248ஆம் சட்டம் மிகவும் வலியுறுத்துகிறது. இதனைச் சாக்காகப் பிடித்து, ஆலயம் பக்கத்தில் இருந்தும் போகாதிருப்பவர் மகிழவேண்டாம். இலங்கையில் ஐந்து நிமிட நடையில் கோவில் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறவருக்கு லீட்ஸ் பேராலயமும் உதவாது. நற்கருணைக்காக ஏங்கத் தெரிந்தவருக்கே அது இல்லாத இடத்தில் நிலைக்க முடியும். அந்த ஏக்கம் இல்லாதவர் அப்படிப்பட்ட நகரத்தைத் தெரிவதில் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மூன்று இடங்களில் நின்று பார்த்தல்

கடைசியாக, இஞ்ஞாசியார் தரும் மூன்று சோதனைகள். முன்பின் அறியாத ஒரு பெண் இதே இரண்டு கடிதங்களோடு உன்னிடம் வந்தால், அவளுடைய நன்மையை மட்டும் நினைத்து என்ன சொல்வாய்? மரணப் படுக்கையில் கிடக்கும் நாளில், இன்று எதைத் தெரிந்திருக்க விரும்புவாய்? ஆண்டவரின் தீர்வை நாளில் அவர் முன் நிற்கும்போது எதைத் தெரிந்ததாகச் சொல்ல விரும்புவாய்?

தாதியருக்கு இரண்டாவது கேள்வி புதியதன்று. எத்தனையோ மரணப் படுக்கைகளின் பக்கத்தில் அவர்கள் நிற்கின்றனர். "சாகிற ஆட்கள் ஒருத்தரும் தாங்கள் இருந்த ஊரைப் பற்றிக் கதைக்கிறேல்லை சுவாமி, ஆட்களைப் பற்றித்தான் கதைக்கினம்" என்றாள் அவள்.

பன்னிரண்டாம் நாள் முடிவெடுத்தாள். றியாத், இரண்டு ஆண்டுகள், அதன்பின் திரும்புவது. முடிவை அன்று காலைத் திருப்பலியில் ஒப்புக்கொடுத்தாள். தாயாரோடு இருக்கப் பெரியம்மா சம்மதித்தார். மருந்து கட்டும் முறையைத் தம்பிக்கு அவளே பழக்கினாள். திரும்பும் மாதத்தையும் ஆண்டையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தாயாரிடம் கொடுத்தாள்.

அதே காலத்தில் அயற்பங்கைச் சேர்ந்த இன்னொரு தாதி லீட்ஸ் போன்றதொரு நகரத்தையே தெரிந்தார். அவருக்குக் கணவரும் சிறு குழந்தையும் உண்டு. குடும்பம் பிரியாதிருப்பதே அவர் தராசில் கனமாக இருந்தது. அவரும் சரியாகவே தேர்ந்தார். ஊர் அல்ல, தேர்ந்த விதமே பாடம்.

முடிவுக்குப் பின்

முடிவெடுத்த பின் கலக்கம் வரும். வராவிட்டால்தான் அதிசயம். கலக்கமும் வறட்சியுமான வேளையில் முன்பு அமைதியாக எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் புகழ்பெற்ற விதி. பிரயாணத்துக்கு மூன்று நாள் முன் இந்த மகளும் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்து, போகமாட்டேன் என்று அழுதாள். "புதிதாக ஏதாவது தெரியவந்ததா?" என்று கேட்டேன். இல்லை. "அப்படியானால் செபமாலை சொல்லிவிட்டுப் படு" என்றேன். ஒப்பந்தம் மாறியிருந்தால், தாயாரின் நோய் கூடியிருந்தால், அது வேறு. புதிய விபரம் வந்தால் புதிதாக ஆராயலாம். வெறும் இருட்டைக் கண்டு திரும்பக்கூடாது.

சரியான முடிவு என்றால் எல்லாம் சுகமாக நடக்கும் என்றும் எண்ணவேண்டாம். ஆசியாவுக்கும் பித்தீனியாவுக்கும் போகவிடாமல் தூய ஆவியானவரே புனித சின்னப்பரைத் தடுத்தார். மக்கெதோனியருக்கு உதவும்படி காட்சியில் அழைக்கப்பட்டார். இவ்வளவு தெளிவான அழைப்பின்படி போனவருக்குப் பிலிப்பி நகரில் கிடைத்தது என்ன? அடியும் சிறையும் (அப். பணி 16). ஆனால் அச்சிறையில் நள்ளிரவில் பாடல் கேட்டது. யோசேப்பு வாஸ் அடிகளாரும் 1681இலேயே இலங்கைக்குப் போக விரும்பினார். மேலிடத்தார் கன்னடக் கரைக்கு அனுப்பினர். கீழ்ப்படிந்து போனார். ஆறு ஆண்டுகள் பொறுத்தே இங்கு வந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது, வீடு வீடாகப் போய் அவர்களைப் பராமரித்த அந்த மகானைத் தாதியர் தம் தோழராகக் கொள்ளலாம்.

அந்த மகள் இப்போது றியாத்தில் இருக்கிறாள். இலகுவாக இல்லை என்றே எழுதுகிறாள். நத்தார் இரவு அவளுக்கு இரவு வேலை. ஞாயிறு வாசகங்களைத் தன் அறையில் இருந்து வாசித்து, தாயார் இங்கே திருப்பலிக்குப் போகும் நேரத்தில் மனத்தால் அவரோடு கோவிலில் முழந்தாளிடுகிறாள். உறுதியின் கடனில் பாதி தீர்ந்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளுக்காக முடிவெடுக்காதீர்கள், முடிவெடுக்க உதவுங்கள். வீட்டுக் கடன் எவ்வளவு என்று உண்மையைச் சொல்லுங்கள். "எங்களை யோசிக்காதை, நீ போ" என்று வாயால் சொல்லி, கண்ணீரால் வேறு சொல்லாதீர்கள். பிள்ளை அனுப்பும் பணத்துக்கு ஒரு நோக்கமும் ஒரு முடிவும் இருக்கட்டும். உறுதியை மீட்கப் போனவளின் உழைப்பு, வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதில் கரைந்தால், அவள் திரும்பும் நாள் தள்ளிப்போகும்.

குடும்பமாகக் கூடிச் சிந்திக்க

1. நம் வீட்டில் இப்போது எடுக்கவேண்டிய முடிவு எது? அது எதற்காக என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?

2. அந்த முடிவில் நம் தராசின் அடியில் ஒட்டியிருப்பது என்ன? ஊராரின் பேச்சா, பயமா, போட்டியா?

3. நாம் விசாரிக்காமல் விட்ட விபரம் எது? யாரிடம் அதைக் கேட்கலாம்?

4. ஆலயமும் குருவானவரும் இல்லாத இடத்தில் ஓராண்டு வாழ நேர்ந்தால், நம் வீட்டில் எந்தச் செபம் நிலைத்து நிற்கும்?

இந்த வாரம் ஒரு இரவு தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் ஒதுக்கிவைத்து, இக்கேள்விகளைப் பேசிவிட்டு, எல்லாரும் சேர்ந்து இப்படிச் செபியுங்கள்:

ஆண்டவரே, வழி தெரியாமல் நிற்கிறோம். எங்களுக்குப் பிடித்ததை உமது சித்தம் என்று சொல்லும் சோதனையிலிருந்து காத்தருளும். உண்மையைப் பார்க்கக் கண்ணையும், அதைப் பேச வாயையும், நீர் காட்டும் வழியில் நடக்கத் துணிவையும் தாரும். தூர தேசங்களில் நோயாளரின் பக்கத்தில் விழித்திருக்கும் எங்கள் பிள்ளைகளோடு நீரும் விழித்திரும். ஆமென்.